ராகுவும் பூமியின் நிழலும்: கிரகணம், பஞ்சாங்கம், சாஸ்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தெருவில் ஒரு வீட்டில் இன்று ஏகாதசி, எதிர்வீட்டில் நாளை. ஒரு ஊரில் சனிப்பெயர்ச்சி பூஜை முடிந்து பல மாதம் கழித்து இன்னொரு ஊரில் அதே சனிப்பெயர்ச்சிக்குக் கூட்டம் கூடுகிறது. கிரகணம் வந்தால் "வெறும் நிழல்தானே" என்கிறார் ஒருவர். "ராகு பிடிக்கிறான் என்று சாஸ்திரம் சொல்லவில்லையா?" என்கிறார் இன்னொருவர். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். நூல் ஒன்றைச் சொல்லி, கண்ணும் கணக்கும் வேறொன்றைச் சொன்னால் என்ன செய்வது?

நம் நாட்டில் வானத்தைக் கணித்தவர்கள் ஆயிரத்தைந்நூறு வருஷமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடங்கைச் சரியான நேரத்தில் செய் என்கிறது சாஸ்திரம். அந்த நேரம் எது என்று சொல்ல வேண்டியது வானம். இது என் சொந்தச் சரக்கு இல்லை, வேள்வி செய்த ஒரு நம்பூதிரி ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே வாதாடியது. அவரைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

கிரகணம் நிழலால் வருகிறது என்பது வெள்ளைக்காரர்கள் வந்த பிறகுதானே நமக்குத் தெரியும்?

இல்லவே இல்லை. கி.பி. 499-ஐத் தன் காலக்கணக்குக்கு அடிப்படையாக வைத்த ஆரியபடர் தெளிவாகச் சொல்கிறார்: சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் பெரிய நிழல் மறைக்கிறது. நிழல் எவ்வளவு நீளம், சந்திரன் இருக்கும் தூரத்தில் அதன் அகலம் எவ்வளவு என்று கணக்கிடும் வழியையும் தருகிறார். பூமி சுழல்கிறது என்றும் சொன்னவர் அவர். ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரை பின்னே போவதாகத் தெரிவது போலத்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்பது அவர் வாதம். இந்தச் சுழற்சியைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் நிழல் கணக்கை யாராலும் விட முடியவில்லை, ஏனென்றால் அது பலித்தது.

எட்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய லல்லர் இன்னும் நேராகவே கேட்கிறார். ஓர் அசுரன் தன் இஷ்டத்துக்கு விழுங்குகிறான் என்றால் அதை முன்கூட்டிக் கணக்கிட முடிவது எப்படி? அமாவாசை, பௌர்ணமி தவிர மற்ற நாளில் ஏன் விழுங்குவதில்லை? பூமி தட்டை என்று புராணத்தைக் காட்டியவர்களிடம் அவர் கேட்டது: தட்டை என்றால் தூரத்துப் பனைமரம் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? மேருமலைக்குப் பின்னால் சூரியன் போவதால் இரவு வருகிறது என்ற புராணச் செய்திக்கு 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் இப்படிக் கேட்டார்: அந்தப் பொன்மலை நமக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்கும்போது ஏன் தெரிவதில்லை?

அப்படியானால் ராகுவை அவர்கள் தூக்கி எறிந்துவிட்டார்களா?

இல்லை. எறியாமல் என்ன செய்தார்கள் என்பதுதான் படிக்க வேண்டிய பகுதி. மூன்று பேர் மூன்று விதமாகச் சமாளித்தார்கள்.

ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ராகுவுக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். அதில் முதலில் நிழல் விளக்கத்தை முழுதாகச் சொல்லி, கிரகணத்துக்கு ராகு காரணம் இல்லை என்று முடிக்கிறார். பிறகு நூலின் வாக்குக்கும் இடம் தருகிறார். கிரகண நேரத்தில் மக்கள் செய்யும் தானத்திலும் ஹோமத்திலும் உனக்குப் பங்கு உண்டு என்று பிரமன் ராகுவுக்கு வரம் கொடுத்தான், அதனால் அந்த நேரத்தில் ராகு அருகில் இருக்கிறான், அதை வைத்துத்தான் பேச்சு வழக்கில் "ராகு பிடித்தது" என்கிறோம் என்கிறார். காரணம் நிழலுக்கு, மரியாதை ராகுவுக்கு. இதை நான் நேர்மையான தீர்வு என்றே நினைக்கிறேன். எது கணக்கு, எது வழக்கு என்று படிப்பவருக்குக் குழப்பமே வராது.

பிரம்மகுப்தர் (628) வேறு வழியில் போனார். ராகு காரணம் இல்லை என்று சொன்ன ஆரியபடரையும் வராகமிகிரரையும், வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதமாகப் பேசுகிறார்கள் என்று கண்டித்தார். ராகுதான் பூமியின் நிழலுக்குள் புகுந்து சந்திரனை மறைக்கிறான் என்றார். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணக்கிடும் இடத்தில் அவர் எடுப்பது நிழலின் அளவையும் சந்திரனின் அளவையும்தான். ராகுவின் அளவு எங்கும் வராது. நானூறு வருஷம் கழித்து இந்தியா பற்றி எழுதிய மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனிக்கு இது பொறுக்கவில்லை. உள்ளபடி இதை நம்பினால் ஏன் நிழலின் விட்டத்தைக் கணக்கிடுகிறீர் என்று பிரம்மகுப்தரை எதிரில் நிறுத்தியது போலக் கேட்கிறார். கடைசியில், சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தனக்கும் வரக்கூடாது என்ற பயம்தான் அவரை மனசாட்சிக்கு மாறாகப் பேச வைத்திருக்கும் என்று ஊகிக்கிறார். அந்த ஊகம் சரியோ தப்போ, பெரிய அறிவாளி ஒருவர் நூலுக்கும் கண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாமவர் பாஸ்கரர். 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், இருள் வடிவான ராகு வரத்தின் பலத்தால் பூமியின் நிழலில் இருந்துகொண்டு சந்திரனை மறைக்கிறான், சந்திரனில் இருந்துகொண்டு சூரியனை மறைக்கிறான், இப்படிக் கொண்டால் எந்த ஆகமத்துக்கும் விரோதம் இல்லை என்று முடித்தார். நிழல் எங்கே போகிறதோ அங்கேயே ராகுவும் போகிறான் என்றால் கணக்கு மாறாது, நூலும் பொய்யாகாது. சாமர்த்தியம்தான், ஆனால் இதனால் புதிதாக எதுவும் தெரியவரவில்லை.

அப்புறம் நாலாவதாக ஒன்று தானாகவே நடந்தது. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம், அதனால்தான் மாதாமாதம் வருவதில்லை. அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கும். பஞ்சாங்கத்தில் இன்று ராகு, கேது என்று போடுவது இந்தப் புள்ளிகளைத்தான்.

வேதம் சொன்னதைக் கண் மறுக்கலாமா? அதற்குச் சாஸ்திரமே இடம் தருகிறதா?

தருகிறது, அதுவும் ஆதிசங்கரரின் வாயாலேயே. கீதையின் 18-ஆம் அத்தியாயம் 66-ஆம் சுலோகத்துக்கு எழுதிய பாஷ்யத்தில், "நெருப்பு குளிர்ந்தது, ஒளி தராதது" என்று நூறு வேதவாக்கியங்கள் சொன்னாலும் அவை பிரமாணம் ஆகாது என்கிறார். அப்படி ஒரு வாக்கியம் இருந்தால் அதற்கு வேறு கருத்து இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டுமாம். மற்ற வழிகளால் அறிய முடியாததை அறிவிக்கத்தான் வேதம். கண்ணால் தெரிவதற்கு அதனிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

வேதவாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை வகுத்த மீமாம்சகர்களும் இதே வழிதான். செய் என்று ஏவும் வாக்கியம் வேறு, அதைப் புகழ வரும் கதை வேறு. கதையை எடுத்து நடந்த சம்பவமாக நிறுவ வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இன்று கதையின் ஒவ்வொரு வரியையும் பௌதிக உண்மையாகக் காட்டத் துடிக்கிறவர்கள், தாங்கள் காப்பாற்றுவதாக நினைக்கும் மரபின் படிப்பு முறையையே கைவிட்டுவிடுகிறார்கள்.

நீலகண்ட சோமயாஜி யார்? அவர் என்ன சொன்னார்?

கேரளத்தில் திரூருக்குப் பக்கத்தில் திருக்கண்டியூரில் 1444-இல் பிறந்தவர். சோமயாகம் செய்தவர், அதனால்தான் சோமயாஜி. தந்திரசங்கிரகம் என்ற அவருடைய வானியல் நூல் 1500-ஐ ஒட்டியது. புதன் முதல் சனி வரையான ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுவதாகவும், சூரியன் பூமியைச் சுற்றுவதாகவும் கணக்கு அமைத்தவர்.

அவருக்கு முன்னோடி பரமேசுவரர். நிளா என்கிற பாரதப்புழைக் கரையில் இருந்துகொண்டு ஐம்பத்தைந்து வருஷம் கிரகணங்களைப் பார்த்துக் குறித்தார் என்று நீலகண்டரே எழுதுகிறார். அப்படிப் பார்த்ததில் பழைய கணக்கு பிசகுவது தெரிந்து, 1431-இல் திருக்கணிதம் என்ற திருத்திய முறையை எழுதினார். பரமேசுவரரின் மகன் தாமோதரரிடம் நீலகண்டர் படித்தார்.

1504-ஐ ஒட்டி நீலகண்டர் எழுதிய ஜோதிர்மீமாம்சை என்ற நூல்தான் நம் கேள்விக்கு நேர்ப்பதில். அவரை எதிர்த்தவர்கள் சொன்னது இது: சித்தாந்தங்கள் எனப்படும் பழைய வானியல் நூல்கள் பிரமனும் சூரியனும் தந்தவை, ஆரியபடரும் பிரமனை வழிபட்டே எழுதினார், அந்த எண்களை மனிதன் எப்படி மாற்றலாம்? நீலகண்டர் சொன்ன பதிலின் சாரம்: தெய்வத்தின் அருள் என்றால் புத்தி தெளிவடைவது. பிரமனோ சூரியனோ நேரில் இறங்கி வந்து உட்கார்ந்து எண்களை ஒப்பிப்பதில்லை. தெளிந்த புத்தியோடு பார்த்துக் கணிப்பது மனிதனின் வேலை.

அடுத்த வாதம் இன்னும் கூர்மை. ஐந்து சித்தாந்தங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாமே தெய்வ வாக்கு என்றால் எதைப் பின்பற்றுவது? ஒவ்வொன்றும் தன் காலத்தில் பார்வையோடு பொருந்தியிருக்கும், இன்று பொருந்தாவிட்டால் இன்று பார்க்கிறவர்கள் பார்த்து எண்ணைத் திருத்த வேண்டும். பின்னால் வருகிறவர்கள் நம்முடையதையும் திருத்துவார்கள் என்பதை ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு இது.

வராகமிகிரர் இதற்கு முன்பே வழிகாட்டியிருந்தார். ஐந்து சித்தாந்தங்களையும் தொகுத்தபோது பௌலிசம் துல்லியம், ரோமகம் அதற்கு அருகில், சூரிய சித்தாந்தம் இன்னும் துல்லியம், மற்ற இரண்டும் வெகுதூரம் பிசகியவை என்று தரம் பிரித்தார். அந்த மற்ற இரண்டில் ஒன்று பிரமன் பெயரில் இருந்த பைதாமகம், இன்னொன்று வசிஷ்டர் பெயரில் இருந்தது. மேற்கிலிருந்து வந்த ரோமகம் இவை இரண்டுக்கும் மேலே நின்றது. பெயரைப் பார்த்து மார்க் போடவில்லை அவர்.

நீலகண்டர் ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெட்டார்? அவர் வைதிகர் என்பதால்தான். வேள்விக்கும் விரதத்துக்கும் காலம் முக்கியம். காலம் தப்பினால் கர்மம் பயன் தராது. கணக்கைத் திருத்தாமல் விட்டால் சடங்கே வீண் என்பது அவருடைய கவலை. அறிவியலுக்கும் மதத்துக்கும் சண்டை என்று பேசுகிறவர்கள் இந்த மனிதரை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. வாக்கியக் கரணம் என்ற பஞ்சாங்கக் கணக்கு நூலுக்கு உரை எழுதிய தமிழகத்துச் சுந்தரராஜர் அவருக்குச் சந்தேகங்களைக் கேட்டு அனுப்ப, நீலகண்டர் பதில் எழுதினார். அந்தக் கேள்வி-பதில் நமக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வாக்கியம் என்பது மனப்பாடத்துக்காக அமைத்த அற்புதமான ஏற்பாடு. சந்திரன் 248 நாளில் தன் வேக மாற்றங்களின் சுற்றை ஏறக்குறைய முழு எண்ணிக்கையில் முடிக்கிறது. அந்த 248 நாளுக்கும் சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 சிறு சமஸ்கிருதத் தொடர்கள் உண்டு. வரருசி இயற்றியவை என்பது மரபு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், தொடரைச் சொன்னால் எண் வந்துவிடும். இதையும் மற்ற கிரகங்களின் வாக்கியங்களையும் வைத்துக் கணக்குப் போடும் வாக்கியக் கரணம் தமிழகத்தில் 1300 வாக்கில் எழுந்தது.

இந்த முறையின் பலத்தை வெளியூர்க்காரர்கள் சொல்லியே கேட்போம். புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்று ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூடிவிட்டது. எல்லாக் கிரகணத்துக்கும் இப்படி அமையவில்லை. 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை, நம் காலக்கணக்கு முறைகளைப் பற்றி நூல் எழுதிய ஜான் வாரனுக்காகப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்துக் கணக்கிட்டார். தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் பிசகியது. எழுத்துத் துணை இல்லாமல் இவ்வளவு நெருங்கியதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமைக்காக 52 நிமிஷம் இல்லை என்று ஆகிவிடாது.

திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் அட்டவணைகளின்படி கிரக நிலைகளை எடுத்து, திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிடுகிறது. சாஸ்திர அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே போடும் எண்கள்தான் வேறு.

கிரகணம் இரண்டிலும் ஒரே நேரம் வருகிறதே? அப்புறம் திதி மட்டும் ஏன் மாறுகிறது?

நல்ல கேள்வி, பலர் ஏமாறும் இடமும் இதுதான். இன்று அச்சாகும் வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவற்றில் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதப்படியே போடுகிறார்கள். அதுபோக, பழைய முறையே அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரளவு சரியாக வரும்படி அமைந்தது. சந்திரனின் ஓட்டத்தில் சூரியன் இழுப்பதால் வரும் ஒரு பெரிய மாற்றம் அந்த இரு நாளிலும் மற்றொரு மாற்றத்தோடு கலந்து மறைந்துவிடும். கிரகணத்தை மட்டும் பார்த்துச் சரிசெய்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அஷ்டமியை ஒட்டி, அரைச் சந்திரன் தெரியும் நாட்களில்தான் பிசகு பெரிதாகும், இரண்டு பாகைக்கு மேல் போகும். திதிக் கணக்கில் அது நாலைந்து மணி நேரம்.

இந்தத் திருத்தத்தையும் நம்மவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். 932-ஐ ஒட்டி மஞ்சுளர் இதைத் தந்தார், நீலகண்டரும் சேர்த்தார். மனப்பாட வாக்கியங்களுக்குள் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

"பாண விருத்தி, ரஸ க்ஷயம்" என்று வசனம் இருக்கிறதே?

வாக்கியத்தின் பக்கம் நிற்பவர்கள் காட்டும் முக்கியமான பிரமாணம் இது. பாணம் என்றால் 5, ரஸம் என்றால் 6. திதி 60 நாழிகைக்கு (ஒரு நாழிகை 24 நிமிஷம்) மேல் 5 நாழிகைதான் வளரும், அதற்குக் கீழே 6 நாழிகைதான் குறையும் என்று பொருள். வானத்தில் உள்ள திதியோ ஏறக்குறைய 50 நாழிகையிலிருந்து 67 நாழிகை வரை மாறுகிறது. அதனால் திருக்கணிதம் சாஸ்திர விரோதம் என்கிறார்கள்.

சந்திரனும் சூரியனும் 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி. இது சாஸ்திரமே சொல்லும் இலக்கணம். 5, 6 என்பது அந்தக் காலத்துச் சந்திரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விழும் விடை. இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டால் விடை திருந்தும். விடையைப் பிடித்துக்கொண்டால் இலக்கணம் உடைந்துபோகும், 12 பாகை விலகாதபோதும் திதி முடிந்தது என்று சொல்ல வேண்டிவரும். எது சாஸ்திரத்துக்கு விசுவாசம் என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

சனிப்பெயர்ச்சி ஏன் இரண்டு தேதியில் வருகிறது?

திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20, திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றுதான். 2025 மார்ச் 29-இல் மீனப் பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொன்னபோது, வாக்கியப்படி அந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை என்று திருநள்ளாறு கோயில் தரப்பில் விளக்கம் கொடுத்தார்கள். பழைய எண்ணில் வருஷத்துக்குக் கொஞ்சமாக இருந்த பிழை நூற்றாண்டுகளில் சேர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. மேஷத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் வேறுபாடு உண்டு.

கோயில் தன் சம்பிரதாயத்தின்படி விழா எடுப்பது அதன் உரிமை, பக்தர் அன்று போய் எள் தீபம் ஏற்றுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் சனி அன்றைக்கு வானத்தில் எங்கே நிற்கிறது என்பது சம்பிரதாயம் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. பெயர்ச்சியால் நமக்கு நல்லது கெட்டது வருமா என்பது சோதிடக் கேள்வி, வானியல் அதற்கு ஆதாரம் எதுவும் தருவதில்லை.

தை முதல் தேதிதானே உத்தராயணம்?

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தைப்பிறப்பு ஜனவரி 14 அல்லது 15. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிஷம் நீளம். ஏறக்குறைய 70 வருஷத்துக்கு ஒரு நாள் விலகி விலகி இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இதே சிக்கல் வராகமிகிரருக்கும் வந்தது. உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் என்றன அவருக்கு முந்தைய நூல்கள். அவர் காலத்தில் அது மகரத் தொடக்கத்துக்கு வந்திருந்தது. என்ன சொன்னார் தெரியுமா? முன்பு ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்க வேண்டும், அதனால்தான் பழைய நூல்கள் அப்படிச் சொல்கின்றன. இப்போது இப்படி இருக்கிறது. மாறியிருந்தால் நேரில் பார்த்துச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். பழைய நூலைப் பொய் என்று பழிக்கவும் இல்லை, அதற்காகத் தன் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு சுலோகத்தைப் பதிலாக வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

பொங்கலை நகர்த்த வேண்டாம். அது அறுவடையோடும் மாட்டோடும் மனிதர்களோடும் கட்டிய பண்டிகை. அன்றைக்குத்தான் சூரியன் திரும்புகிறது என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பஞ்சாங்கத்தைத் திருத்த நம்மூரில் யாராவது முயன்றார்களா?

சிந்தாமணி ரகுநாதாச்சாரியை அவசியம் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியிலிருந்து பதிவு செய்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்கு அதை விளக்கச் சிறுநூல் எழுதினார். இவ்வளவுக்கும் நடுவே, ஆய்வகக் கணக்கை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். பரமேசுவரருக்கு நிளாக் கரை, இவருக்குத் தொலைநோக்கி. இவரைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்து, 1955-இல் அறிக்கை தந்தது. தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு இதழில் இருக்கிறது, வீட்டுச் சுவரில் இல்லை.

எல்லா அறிவியலும் வேதத்திலேயே இருக்கிறது என்கிறார்களே?

எடுத்துக்காட்டாக ஒளியின் வேகம். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துச் சாயணர் ரிக்வேத சூரிய மந்திரத்துக்கு எழுதிய உரையில், அரை நிமிஷத்தில் 2202 யோசனை தூரம் செல்பவனே உனக்கு வணக்கம் என்ற சுலோகத்தைக் காட்டுகிறார். இங்கே நிமிஷம் என்பது கண் இமைக்கும் நேரம். யோசனைக்கும் நிமிஷத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. விடை தெரிந்த பிறகு அதற்குப் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுத்தால் இன்றைய எண் வந்துவிடும். ஒளி பயணம் செய்ய நேரம் எடுக்கிறது என்று வியாழனின் துணைக்கோளைப் பார்த்து ரோமர் 1676-இல் காட்டும்வரை, அந்தச் சுலோகத்தை ஓதிய யாரும் அதிலிருந்து ஒளியின் வேகத்தை எடுக்கவில்லை.

இப்படிப் பேசுவது பக்தியாகத் தெரியலாம். எனக்கு இது கோபம் வரவழைக்கும் விஷயம். ஐம்பத்தைந்து வருஷம் ராத்திரி தூக்கத்தை விட்டு வானத்தைப் பார்த்தவரின் உழைப்பை இது ஒரே அடியில் அழித்துவிடுகிறது. எல்லாம் முன்பே எழுதியிருந்தால் பரமேசுவரர் எதற்கு ஆற்றங்கரையில் நின்றார்?

மற்ற மதங்களில் எப்படி?

சுருக்கமாகச் சொல்கிறேன். கலிலியோ விவகாரத்தில் கர்தினால் பெல்லார்மின் 1615-இல் எழுதிய கடிதத்திலேயே, பூமி சுற்றுகிறது என்பதற்கு உண்மையான நிரூபணம் வந்தால் பைபிள் வசனங்களுக்கு மிகக் கவனமாக வேறு விளக்கம் தர வேண்டிவரும் என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் 1633-இல் கலிலியோவைத் தண்டித்தார்கள். திருச்சபை தரப்பில் தவறு நடந்ததை 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஏற்றார். இஸ்லாமில், நபிகளின் மகன் இப்ராகீம் இறந்த நாளில் கிரகணம் வர, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகள், யாருடைய சாவுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் அப்போதே சொன்னதாக ஹதீஸ் பதிவு செய்கிறது.

குழந்தைகளுக்கு ராகு கதையைச் சொல்லலாமா?

தாராளமாக. "திங்களைப் பாம்புகொண் டற்று" என்று ஒரு நாள் காதல் ஊரெல்லாம் பரவியதைக் குறள் சொல்கிறது. அரவு விழுங்கும் மதி குறுந்தொகையிலும் வருகிறது. இதைத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பாட்டு விளங்காது. சந்திர கிரகணத்தன்று கதை சொல்லி முடித்ததும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், நிலவின் மேல் விழும் பூமி நிழலின் வளைந்த விளிம்பையும் காட்டுங்கள். பூமி உருண்டை என்பதற்கு அதைவிட எளிய சாட்சி கிடையாது.

கிரகண நேரத்தில் சாப்பிடலாமா? கர்ப்பிணிகள் வெளியே வரலாமா?

கிரகணத்தால் சாப்பாடு கெடுவதில்லை, கருவுக்கும் ஒன்றும் ஆவதில்லை. விரதம் இருப்பது உங்கள் நம்பிக்கை. ஆனால் சர்க்கரை நோயாளியையும் கர்ப்பிணியையும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அறைக்குள் பூட்டி வைப்பது அபாயம். குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோருக்கு விரதத்தில் தர்மசாஸ்திரமே விலக்கு தருகிறது. கோயில் நடை சாத்துவதும் எல்லா இடத்துக்கும் பொதுவிதி இல்லை, காளஹஸ்தியில் கிரகணத்தன்றும் நடை திறந்திருக்கும். உண்மையான ஆபத்து ஒன்று உண்டு: சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை கருகும்.

என் வீட்டுப் பஞ்சாங்கம் சரியா என்று நானே எப்படிச் சோதிப்பது?

கிரகணத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் பிசகு பிடிபடாது, காரணம் மேலே சொன்னதுதான். கிரகங்களைப் பாருங்கள். 2020 டிசம்பர் 21 மாலை குருவும் சனியும் மேற்கு வானில் பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் ஒட்டி நின்றதை நம்மில் பலர் பார்த்தோம். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் வீட்டில் இருந்தால் எடுத்து, அன்றைய தேதியில் இரண்டுக்கும் எந்த ராசி, எத்தனை பாகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். இனி வரப்போகும் கிரகச் சேர்க்கைகளுக்கும் இதையே செய்யலாம். எந்த இரண்டு கிரகம் எந்த நாளில் மிக நெருங்கும் என்று பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் மாலையிலோ விடியலிலோ வெறுங்கண்ணால் பார்த்துவந்தால் போதும், தொலைநோக்கி வேண்டியதில்லை. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று என இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.